பவதாரிணியிடமிருந்து கசிந்த பாடங்கள்

பாவடித் தெருவில் முதல் பாடம் கிடைத்தது இஸ்திரிக்கார மாரப்பனுக்கு. ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், தள்ளுவண்டியில் பெட்டியின் கரியை ஊதிச் சூடேற்றிவிட்டு, யாரோ ஒருவருடைய பேண்ட்டைத் தண்ணீர் தெளித்து விரித்தவர், கரி ஈரமாக இருக்கிறது என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார்; திறந்த வாயிலிருந்து நுரையீரல் எத்தனை, அது எதற்கு இருக்கிறது, மூக்கில் நுழைகிற காற்று எந்த வழியாகப் போய் எங்கே சேர்கிறது என்பதெல்லாம் நாலாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் அதே வரிசையில், ஒரு சொல் பிசகாமல், பயிற்சி வினாக்கள் உட்பட வந்து விழுந்தது. சொல்லி முடித்துவிட்டு மாரப்பன் பேண்ட்டின் இரண்டாவது காலைத் தேய்த்தார். அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனது மூன்றே வருஷம், அதிலும் பாதி நாள் மத்தியானச் சாப்பாட்டுக்காக.

முந்தின நாள் பொழுது சாய, அதே பாடத்தை அதே தெருவின் ஒன்பதாவது வீட்டில் கோகிலவாணி தன் மகள் பவதாரிணிக்கு முப்பத்தெட்டு தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். முப்பத்தெட்டாவது தடவை பிள்ளை திருப்பிச் சொன்னாள், அம்மாவும் நிம்மதியாகச் சோறு போட்டாள். காலையில் பல் விளக்கும்போது கேட்டால் பவாவுக்கு நுரையீரல் என்ற சொல்லே புதிதாக இருந்தது. இரண்டு வருஷமாக இதே பாடுதான். ராத்திரி இருக்கும், விடிந்தால் இருக்காது, துடைத்த சிலேட்டு கூட அங்கங்கே வெள்ளையாகத் தெரியும், இவளிடம் அதுவும் தெரியாது. அடித்துப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று, வல்லாரைக்கீரையை மாதக்கணக்கில் தின்னக் கொடுத்தாயிற்று. போகிற பாடமெல்லாம் எங்கேதான் போகிறது என்று கோகிலா புலம்பாத நாளில்லை. அன்றைக்கு இஸ்திரிக்குத் துணி கொடுக்கப் போனவள், துணி மூட்டையும் கையுமாக நின்று, எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் பூவின் பாகங்கள் பால்காரப் பெண்ணுக்குப் போயின. ஏழாம் வாய்ப்பாடு மளிகைக்கடைக்கும், நான்கு வகை மண் கோவில் பூசாரிக்கும், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பாடம் தையல்கார சரோஜாவுக்கும் போயின. சரோஜா ஐம்பத்தோரு வயது வரைக்கும் கைநாட்டு. அந்தப் பாடம் வந்த மறுநாள் அவள் தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், யாரையும் கேட்காமல் போர்டைப் படித்து ஏறி, அந்தியூரில் இருக்கிற மகள் வீட்டு வாசலில் போய் நின்றாள். நின்று அழுதாளாம். திரும்பி வரும்போது பவாவுக்கு ஒரு கிலோ முறுக்கு வாங்கி வந்தாள்.

இது ஏன் நடக்கிறது என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. பவர்லூம் ஓடுகிற தெருவில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம் இருக்கிறது? யாருக்கு வரும், எப்போது வரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் வாட்டர்மேன் வெங்கடாசலம். முனிசிபாலிட்டியில் முப்பது வருஷம் தெருத்தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விட்டவர், ஓய்வு பெற்ற பிறகும் எதைப் பார்த்தாலும் அது எந்தப் பக்கம் ஓடும் என்றே யோசிப்பவர். அவர் நாலு நாள் நோட்டில் குறித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: பாடம் நடக்கிற நேரத்தில் தெருவில் யார் கையில் வேலை இல்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறாரோ அவருக்குப் போகிறது. மாரப்பன் அன்றைக்கு மழைக்கு ஒதுங்கிக் கை கட்டி உட்கார்ந்திருந்தார். சரோஜாவுக்குத் தையல் மிஷின் பெல்ட் அறுந்திருந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தார்க்குச்சியில் நூல் சுற்றுவது, நூல் பிரிப்பது, அறுந்ததை முடிவது என்று ஏதாவது ஒன்று விரலில் ஓடிக்கொண்டே இருக்கிற தெரு அது. வெறுங்கையோடு உட்காருவது அங்கே அசிங்கம், மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட அப்படி உட்கார மாட்டார்கள். ஆனால் வெங்கடாசலம் முறை போட்டுவிட்டார். தண்ணீருக்குப் போட்ட அதே நோட்டில், அதே கட்டத்தில், இருபத்திரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு சாயங்காலம். முறை வந்த வீட்டுக்காரர் குளித்து, வேறு துணி உடுத்தி, நாற்காலியை வாசலில் போட்டு, இரண்டு கையையும் முட்டியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு வெட்கத்தோடு உட்காருவார். மற்ற இருபத்தொரு வீட்டிலும் அந்த நேரத்தில் விரல்கள் வேலை செய்தே ஆகவேண்டும். ஓய்ந்து உட்கார்ந்தால் முறை திருடியதாகக் கணக்கு.

பவாவை அந்தத் தெரு தாங்கியது போல எந்தத் தெருவும் ஒரு பிள்ளையைத் தாங்கியிருக்காது. போகிற வழியில் கடலை மிட்டாய், வருகிற வழியில் நெல்லிக்காய், தலையில் வைக்கப் பூ. தெருவில் ஒருவர்கூட அவளை மக்கு என்று சொன்னதில்லை, சொன்னால் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். ஐப்பசிக்குள் ஆட்கள் சொந்தப் புத்தகத்தோடு வரத் தொடங்கினார்கள். டிரைவிங் லைசன்ஸ் பரீட்சைக் கேள்விகள் ஒருவருக்கு, இண்டர்வியூவில் சொல்ல வேண்டிய நாலு வரி இங்கிலீஷ் ஒருவருக்கு, கந்தசஷ்டி விரதமுறை ஒருவருக்கு. கோகிலா வாசிக்க, பிள்ளை கேட்க, வெளியே நாற்காலியில் உட்கார்ந்தவர் பெற்றுக்கொள்ள, ஆறரைக்குத் தொடங்கினால் சில நாள் எட்டரை ஆகிவிடும். கோகிலா பட்டறையில் நாலு தறி ஓட்டிவிட்டு வந்து இதையும் செய்தாள். குழாயடியில் அவள் குடத்துக்கு முதலிடம் கிடைத்தது, வயதில் பெரியவர்கள் வாங்க போங்க என்றார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

அரையாண்டுப் பரீட்சையில் பவா ஐந்து தாளிலும் பெயரை மட்டும் எழுதி வைத்துவிட்டு வந்தாள். தலைமையாசிரியை எஸ்தர் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர், பாவடித் தெருப் பாடம் அவருக்குச் சொட்டுகூட வந்ததில்லை.

"பிள்ளையைக் குத்தம் சொல்லலைம்மா. ஆனா நாலாங்கிளாஸ்ல உட்கார்ந்து அவ என்ன செய்யறா? தினம் சுவத்தைப் பார்த்துட்டுப் போறா" என்றார். "பேரு நாலாங்கிளாஸ்லயே இருக்கட்டும். உட்கார்றதை மட்டும் ரெண்டாங்கிளாஸ்ல உட்கார வைக்கிறேன்."

பவாவுக்குத் தையில் பத்து வயது முடிகிறது. ஏழு வயதுப் பொடிசுகளுக்கு நடுவே அந்த நீளக் காலை மடக்கிக்கொண்டு அவள் உட்காருவது கோகிலாவுக்குக் கண்ணில் தெரிந்தது.

"எங்க தெருவுல பூராப் பேருக்கும் தெரியுமுங்க டீச்சர். இவளுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம் அவிங்களுக்கு நிக்குதுங்க."

"பரீட்சை தெருவுக்கா வைக்கிறேன்?" என்றார் எஸ்தர். பிறகு கோகிலாவின் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "ஒரே ஒரு பாடம். நீர்ச் சுழற்சி. லீவு முடிஞ்சு திறக்கிற அன்னிக்கு எங்கிட்ட வந்து அவளாச் சொல்லட்டும். சொல்லிட்டா இங்கயே இருக்கட்டும்."

அந்த ஒன்பது நாள் லீவும் கோகிலாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் வாசலுக்குப் போனாள், சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு அரிசி களைந்தேனா என்று திரும்பவும் டப்பாவைத் திறந்தாள். அவள் வீட்டுக்காரன் ராஜேந்திரன் ராத்திரி ஷிப்டு, இவள் வரும்போது அவன் போவான், நிலைப்படியில் வைத்து "சொல்லிக் குடுத்தியா?" என்பான், "இன்னும் இல்ல" என்பாள். சொல்லிக் கொடுக்கத் தொடங்கினால் போய்விடுமே என்ற பயத்தில், புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறக்கவே அவளுக்குக் கை வரவில்லை.

போதாததற்கு வெங்கடாசலம். நீர்ச் சுழற்சிப் பாடம் வரப்போகிறது என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் ஊருக்கே தண்ணீர் திறந்து விட்ட மனுஷனுக்கு, அந்தத் தண்ணீர் முதலில் எங்கிருந்து வருகிறது, ஆற்றில் போனது திரும்ப எப்படி வருகிறது என்று தெரியாது. கேட்டால் சிரிப்பார்களே என்று யாரையும் கேட்டதில்லை. அந்தப் பாடத்துக்காகவே இரண்டு தடவை தன் முறையை அடுத்த வீட்டுக்கு விட்டுக் கொடுத்தவர் அவர். தினமும் ஒருமுறை வந்து நின்றார்.

"அம்மிணி, தண்ணிப் பாடம் இன்னைக்குங்களா?"

"இந்த ஒரு பாடத்தை மட்டும் பிள்ளைக்கே உட்டுருங்க மாமா. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

"நானென்ன புடிச்சா வச்சிருக்கேன்? அதா வருது, நா வாங்கிக்கிறேன்" என்று வருத்தத்தோடு சொன்னார். "தெருவுல ஒருத்தர் கையாவது சும்மா இருக்கத்தான் போவுது. அது நானா இருந்தா என்ன?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

லீவின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அவசர ஆர்டர் என்று பட்டறை அன்றைக்கும் ஓடியது. சாயங்காலம் ஆறு மணிக்கு கோகிலா வீட்டுக்கு வந்தபோது பவாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் அரிசி டிரம்முக்குப் பின்னால், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காதிலும் கழிவுப்பஞ்சு, மூக்கில்கூடக் கொஞ்சம். இனி வருகிற பாடம் வெளியே போகாமல் இருக்க, அது போகக்கூடிய வழியையெல்லாம் பிள்ளை அடைத்து வைத்திருந்தாள். நாளைக்கு எந்தப் பெஞ்சில் உட்காரப் போகிறாள் என்பது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. தெருவே தாங்குகிற பிள்ளைக்கு இத்தனை துக்கம் உள்ளே இருந்தது என்பதை கோகிலா அன்றுதான் பார்த்தாள்.

பதினாறு வருஷம் பட்டறையில் நின்றவள் அவள். நாற்பது தறி ஒன்றாக ஓடும் இடத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, எல்லோர் காதிலும் பஞ்சு இருக்கும், பேச்சு முழுக்கக் கையில்தான். இரண்டு விரலைச் சுண்டினால் நூல் அறுந்தது, மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், கட்டை விரல் உதட்டுக்குப் போனால் டீ. காதில் பஞ்சு வைத்த ஒரு முகத்தைப் பார்த்ததும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது, கை தானாக எழுந்தது. சாப்பிட்டாயா என்று கையால் கேட்டாள்.

பவா கையாலேயே சொன்னாள்: இல்லை. பசிக்கவில்லை. பயமாக இருக்கிறது.

இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. லீவு நாளில் பட்டறைக்குச் சோறு கொண்டுவரும்போது வாசலில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். பார்த்தது அப்படியே இருந்திருக்கிறது. கோகிலா அதை யோசிக்கக்கூட இல்லை. டிரம்முக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த பாஷையில் தொடங்கினாள். நெய்த துணியை விரிப்பது போல இரண்டு கையையும் விரித்தாள், அது கடல். பட்டறையில் பஞ்சு பறக்கிறது என்பதற்குக் காட்டுகிற விரலை மேலே மேலே கொண்டுபோனாள், அது ஆவி. நூல் சிக்கு விழுந்துவிட்டது என்று காட்டினாள், அது மேகம். நூல் அறுந்தது, இங்கே அறுந்தது, அங்கே அறுந்தது, எல்லாத் தறியிலும் அறுந்தது என்று பத்து விரலையும் சுண்டினாள், அது மழை. தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற ஓட்டத்தைக் காட்டினாள், அது ஆறு. கடைசியில் இரண்டு முஷ்டியையும் உருட்டினாள். தறியில் ஏற்றிய பாவு நூல் முடிந்தது, புதுப் பாவு ஏற்று, அது மறுபடியும் கடல். பவா முதலில் பார்த்தாள், பிறகு கூடவே செய்தாள், மேகம் வந்தபோது சிக்கு எடுக்கிறவர்களின் சிடுமூஞ்சியையும் சேர்த்துச் செய்து காட்டினாள். இருவருக்கும் சிரிப்பு வந்தது, சத்தம் வராமல் சிரித்தார்கள். ஏழெட்டு தடவைக்கு மேல் போகவில்லை.

வெளியே வெங்கடாசலம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, இரண்டு கையையும் மல்லாத்தி வைத்து உட்கார்ந்திருந்தார். மற்ற இருபத்தொரு வீட்டிலும் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அவர் வந்து கதவைத் தட்டினார். முகம் வாடியிருந்தது.

"நேத்துப் பாடம் நடத்துனீங்களா அம்மிணி?"

"நடத்துனனுங்க."

"எனக்கு வரலீங்களே."

தெரு கூடிவிட்டது. தண்ணீர் வராத நாளில் எப்படிக் கூடுமோ அப்படி. முறை திருடியவர் யார் என்று ஒரே சத்தம். வெங்கடாசலம் நோட்டோடு வீடு வீடாகப் போனார். மழை எங்கிருந்து வருதுங்க என்று கேட்டார். மளிகைக்கடை வானத்திலிருந்து என்றார். பூசாரி மாரியம்மன் என்றார். சரோஜா, "சத்தியமா எங்கையில ஊசி இருந்துச்சுங்க" என்றாள். படுக்கையில் கிடந்த பக்கவாதக்காரரை எழுப்பிக் கேட்டார்கள், ஒரு கைதான் ஓடும் அவருக்கு, அந்தக் கையும் ஓய்ந்திருந்தால் போயிருக்கும், அவருக்கும் தெரியவில்லை. பால்காரப் பெண்ணின் எருமையிடம்கூட ஒருவர் கேட்டுப் பார்த்தார். வாயால் சொல்லாத பாடம் ஒரேயடியாகக் காற்றில் போய்விட்டது, தன் கைக்காரியத்தால் இது தெருவுக்கும் இல்லாமல் ஆகிவிட்டது என்று நினைத்து, கோகிலா தலையில் கை வைத்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தொரு வீடும் முடிந்தபோது மாரப்பன்தான் கேட்டார்.

"ஏனுங்க, பாப்பாகிட்டக் கேட்டீங்களா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடம் எங்கெங்கோ இருக்கலாம் என்று தேடிய அத்தனை பேருக்கும், அது அந்தப் பிள்ளையிடமே இருக்கலாம் என்று தோன்றவில்லை. பெற்றவளுக்கும் தோன்றவில்லை. கோகிலாவுக்கு அவமானத்தில் முகம் சிவந்தது.

பவா வாயில் பற்பசை நுரையோடு உள்ளேயிருந்து வந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். யாரும் எதுவும் கேட்கும் முன்பே, தெருவின் நடுவில் நின்று துணியை விரித்தாள், பஞ்சைப் பறக்க விட்டாள், சிக்கு விழுத்தினாள், பத்து விரலாலும் நூலை அறுத்தாள், நாடாவை ஓட்டினாள், புதுப் பாவு ஏற்றினாள். அந்தத் தெருவில் தறி தெரியாதவர் யாரும் இல்லை, அத்தனை பேருக்கும் விளங்கியது. பிறகு நுரையைத் துப்பிவிட்டு, "கடல் தண்ணி ஆவியாவுது, மேகமாவுது, மழையாவுது, ஆத்துல ஓடுது, மறுபடி கடலுக்கே போவுது" என்று வாயாலும் சொன்னாள். சொல்லிவிட்டு, "எங்கிட்டயே இருக்குதும்மா" என்றாள்.

கோகிலா அவளைக் கட்டிக்கொண்டு தெருவே பார்க்க அழுதாள்.

பள்ளிக்கூடத்தில் எஸ்தர், "கையைக் கட்டி நின்னு சொல்லு பார்க்கலாம்" என்றார். பவா கையைக் கட்டினாள், உதடு இறுகியது, ஒன்றும் வரவில்லை. கோகிலா ஓரமாக நின்றவள், "கையை அவுத்து உடச் சொல்லுங்க டீச்சர்" என்றாள். எஸ்தர் யோசித்துவிட்டு, சரி என்றார்; கை ஓடியதும் பாடம் முழுக்க வந்தது. பவா நாலாம் வகுப்பிலேயே, ஜன்னல் ஓரத்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். கையில் சொன்னது நின்றது, கையில் சொல்ல வராதவை இன்னமும் கசிந்தன. மாசியில் ஆங்கில மாதங்கள் பன்னிரண்டும் மாரப்பனுக்குப் போயின, அவர் மறுநாளே பவாவைத் துணி மடிக்க வைத்து, மடிப்புக்கு ஒரு மாதமாக அவற்றைத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். முறை நோட்டு தண்ணீருக்கு மட்டும் ஆயிற்று.

அதெல்லாம் பின்னால். பள்ளி திறந்த அன்றைக்குச் சாயங்காலம் வெங்கடாசலம் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஒன்பதாவது வீட்டுக்கே வந்துவிட்டார். பவாவுக்கு எதிரில் உட்கார்ந்து, வால்வு திறந்து காய்த்துப்போன கையால் துணியை விரித்தார், பஞ்சைப் பறக்க விட்டார், மேகத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார். மறுபடி தொடங்கினார். மறுபடி அங்கேயே நின்றார். நாலாவது தடவை கையை மடியில் போட்டுவிட்டார்.

"எனக்கு நிக்கலை கண்ணு. வயசாயிருச்சு. மண்டையில ஒண்ணும் இல்ல."

அடுப்படியில் இருந்த கோகிலாவின் கை அப்படியே நின்றது. பவா கிழவரின் இரண்டு கையையும் எடுத்து, விரல்களைப் பிரித்து வைத்தாள்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க தாத்தா" என்றாள். "மறுக்காவும் முதல்ல இருந்து சொல்றேன்."